கன்னிமூலைத் துளை

பொட்டல்குளத்தில் ஆறுமுகநயினார் வீட்டுக் குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர் ஆறுமுகநயினார் அல்லர்; அவருடைய சம்பந்தியம்மாள். திருமணத்துக்கு மறுநாள் ஒரே ஒருமுறை அந்த அறையில் குளித்துவிட்டு, பாதி ஈரத்தோடு மூச்சிரைக்க வெளியே ஓடிவந்த அந்த அம்மாள், தம் மருமகளும் ஆறுமுகநயினாரின் மகளுமான கோமதிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது தொலைபேசியில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

"வளைகாப்பு முடிஞ்ச கையோட பிள்ளையை அனுப்பி வைக்கிறோம் சம்பந்தி. ஆனா அந்த பாத்ரூமை மாத்துங்க. ஆவி போக வழியில்ல, சுவரெல்லாம் வழியுது. எங்க கோமதிக்கு ஏற்கெனவே இழுப்பு."

"பெத்தவளுக்குத் தெரியாத இழுப்பு அவுகளுக்குத் தெரிஞ்சிபோச்சாக்கும்" என்று அடுப்படியிலிருந்து ஆறுமுகநயினாரின் மனைவி உலகம்மாள் முணுமுணுத்தாள். ஆனால் அவளும் அன்றே கொத்தனாருக்கு ஆளனுப்பச் சொன்னாள். ஏனெனில் ஈரம் பட்டால் தன் மகளுடைய நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதைக் குழந்தைப் பருவம் முதல் காதுவைத்துக் கேட்டவள் அவள்தான்.

அந்தக் குளியலறையின் தென்மேற்கு மூலையில், முன்பு கண்ணாடிப் பட்டைகள் செருகிய சிறு சாளரம் ஒன்று இருந்தது. கோமதிக்கு வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்த நாளில், மனையடி சாஸ்திரம் பார்ப்பவர் ஒருவர் வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கன்னிமூலையில் திறப்பு இருக்கும் வீட்டில் தங்க வேண்டியது எதுவும் தங்காது என்று கூற, சாளரத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசினார்கள். வரன் அமைந்தது. அதைக் கண்ட ஊரார் பலரும் தத்தம் வீட்டுக் கன்னிமூலைகளை அடைத்துக்கொண்டார்கள். ஆயினும் வேறெந்த வீட்டுச் சுவரும் வியர்க்கவில்லை. ஆறுமுகநயினார் வீட்டுச் சுவர் மட்டும், யாரும் குளிக்காத நேரத்திலும், காய்ச்சல் விடுகிற உடம்பைப் போல முத்துமுத்தாக வியர்த்தது. அதே காலத்தில்தான், மழையென்று சொல்லத்தக்க மழை ஏதும் பெய்யாமலே, கரிசல் வெடித்துக் கிடந்த பொட்டல்குளத்தின் கிணறுகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தெருக்குழாய்கள் திறந்தபோதெல்லாம் ஒழுகின. துருப்பிடித்த மோட்டார்கள் மீண்டும் கிணறுகளில் இறங்கின. கெட்டுப்போன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொடுக்கும் ஆறுமுகநயினாரின் கடையில் ஓய்வென்பதே இல்லாமற் போயிற்று. சுவரையும் கிணற்றையும் சேர்த்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இசக்கிமுத்துக் கொத்தனார் உளியும் சுத்தியலுமாக வந்து, சாளரம் இருந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நான் வச்ச செங்கலை நானே உடைக்கேன் அண்ணாச்சி. சாஸ்திரக்காரர் கோவிச்சுக்கிட மாட்டாரே?"

"அவரு வீட்டு பாத்ரூம்ல ஜன்னல் இருக்காம்வே. நீ உடை."

உளி மறுபுறம் தலைநீட்டிய அக்கணத்தில், குக்கரின் விசிலைப் போன்ற சீழ்க்கையோடு, அறைக்குள் அடைந்திருந்த காற்று அந்தத் துளைவழியே வெளியேறிற்று. சுவர் வியர்ப்பது நின்றது. தெருமுனைக் குழாயில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பாதிக் குடத்தில் நின்றது. அதோடு, நிறைந்து இடுப்பேறியிருந்த குடங்களிலும் தண்ணீர் இறங்கிற்று. சுமந்து நடந்த பெண்கள் சுமை குறைவதை உணர்ந்து அங்கங்கே நின்றார்கள். கண்ணில் தூசி விழுந்த கொத்தனார் தம் ஈரத்துண்டைத் துளையில் திணித்தார். குழாய் இருமிற்று, பிறகு ஒழுகிற்று. துண்டை எடுத்தார், நின்றது. திணித்தார், வந்தது. சீழ்க்கையொலியைப் பின்தொடர்ந்து வந்த பெண்கள் குளியலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருத்திகூட வியந்து வாயில் கைவைக்கவில்லை.

"இங்கனயிருந்துதான் வருதாக்கும்?" என்றாள் ஒருத்தி.

"அப்படித்தான் தெரியுது."

"சரி, துண்டை எடுத்துராதீங்க கொத்தனாரே. நான் இன்னும் பிடிச்சு முடிக்கல."

மற்றச் சுவர்களில் துளையிட்டுப் பார்த்தார்கள். கூரையில் இட்டுப் பார்த்தார்கள். எங்கே இட்டாலும் அதுவே நிகழ்ந்தது. கதவைச் சற்று நேரம் திறந்து வைத்தாற்கூடக் குழாயில் நூல்போலத்தான் விழுந்தது. எனவே அன்று மாலையில் ஊர் மேல்நிலைத் தொட்டியின் நிழலில் கூடியது. ஊராட்சித் தலைவி பொன்னுத்தாய், கணவனுடைய நிழலாக நாற்காலியில் அமர்ந்தவள் என்று முதலில் ஏளனம் செய்யப்பட்டு, பின்னர் அந்த ஏளனத்தையே மென்று விழுங்கிவிட்டவள். அவள் எழுந்தால் கூட்டம் அடங்கும்.

"அண்ணாச்சி, உங்க வீடு, உங்க பாத்ரூம், உங்க சுவரு. யாரும் இல்லைங்கல. ஆனா தண்ணி ஊருத் தண்ணி."

"மக வாரா பொன்னுத்தாயி. அவளுக்கு ஈரம் ஆகாது."

"உங்களுக்கு மட்டுமா மக? அவ ஊருக்கே மகதான்."

"சம்பந்தியம்மாளுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"கண்மாயில குளிச்சுக்கிடச் சொல்லுங்க அண்ணாச்சி, இப்பதான் தண்ணி கெடக்கே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, கூட்டம் சிரித்தது. ஆறுமுகநயினாரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுத்துப் பேசுவதற்கு அவரிடம் முகம் இல்லை. மறுநாள் தம் கையாலேயே சிமெண்டைக் குழைத்துக் கொடுத்துத் துளைகளை அடைக்கச் செய்தார். வாங்கிவந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அட்டைப்பெட்டியோடு பீரோவின் மேல் ஏறிற்று.

அதற்குப் பிறகு ஊர் அந்த அறையைத் தன்னுடையதாக்கிக்கொண்ட விதம், காலங்காலமாக அப்படியே நடந்துவருவதைப் போன்ற இயல்போடு இருந்தது. தெருவுக்கொரு முறை வைத்து, பெண்கள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்து அந்தத் தரையில் ஊற்றி, ஆவி கலையுமுன் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். கதவிடுக்கில் நனைந்த சாக்கைத் திணித்தார்கள். நிலைக்கும் கன்னிமூலைச் சுவருக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். புதுமணத் தம்பதியர் முதல்முறை தலைமுழுகுவதற்கு அங்கே அழைத்துவரப்பட்டார்கள். வீட்டாரோ குளிப்பதற்குக் கிணற்றடிக்குப் போனார்கள். அந்தத் தெருவில் காற்று என்ற சொல்லை உரக்கச் சொல்வது குறைந்து, பிறகு சொல்வதே நின்றது. பட்டம் விடுவதை ஊராட்சி தடுத்தது. சைக்கிள் கடைக்காரர் டயருக்குக் காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே, அடுத்த தெருவுக்குக் கடையை மாற்றிக்கொண்டார். ஆறுமுகநயினாருக்குக் கோயில் கொடைவிழாவில் முதல் மரியாதை கிடைத்தது; கழுத்தில் விழுந்த மாலையின் ஈரம் சட்டையில் இறங்க இறங்க அவர் நிமிர்ந்து நின்றார்; உலகம்மாள் அந்த மாலையைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டினாள்.

கோமதி கைநிறைய வளையலோடு வந்து இறங்கினாள். துபாயில் வேலைபார்க்கும் கணவன் பிரசவத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வந்த அன்று அவள் அந்த வீட்டுக்குள் விட்ட மூச்சில், குளியலறைச் சுவரின் வியர்வை நீரோட்டமாக மாறிற்று. முற்றத்துச் சுவர் நனைந்தது. படுக்கையறைச் சுவர் நனைந்தது. விடிந்து பார்த்தபோது, வானில் ஒரு மேகமும் இல்லாத நிலையில், பொட்டல்குளத்துக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. கம்பும் மிளகாயும் தவிர வேறெதையும் அறியாத கரிசலில் நாற்றுப் பாவினார்கள். ஒருபோதும் மீன் பிடித்தறியாதவர்கள் வேட்டியை விரித்துக் கெண்டை பிடித்தார்கள். பொன்னுத்தாய் கோமதியைப் பார்க்க வந்து, அவளுடைய வயிற்றில் உள்ளங்கையை வைத்து, அன்போடு நெடுநேரம் இருந்தாள்.

"ரெண்டு மூச்சுல்லா" என்றாள், வேறு யாருக்கோ விளக்கிச் சொல்வதைப் போல.

கோமதியால் ஒரு சொற்றொடரை முழுதாகச் சொல்லி முடிக்க இயலாத நிலை விரைவிலேயே வந்தது. தலையணை நனைந்திருந்தது, உடுத்தும் சேலை கொடியிலேயே பூஞ்சணம் பூத்தது, தீக்குச்சி உரசினால் கரைந்தது. சுவரில் முதுகு படாமல், கட்டிலின் நடுவில், இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா... இந்த வீடு... என் நெஞ்சுமேல... ஏறி உக்காந்திருக்கும்மா."

"வாசல்ல வந்து இரு தாயி. நான் நாற்காலி போடுதேன்."

வாசலில் நாற்காலி போட்டு அவள் அமர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம், எங்கிருந்து பார்த்தார்களோ, பெண்கள் வந்துவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி வாடையில் உட்காரலாமா என்று கடிந்துகொண்டார்கள். காதுக்குப் பஞ்சு வைத்தார்கள். தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் தூக்கி, ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுபோவதைப் போல அவளை உள்ளே கொண்டுபோய், ஈரக் கட்டிலில் இருத்திக் கதவைச் சாத்தினார்கள். அவர்களில் ஒருத்தியும் அவளிடம் கடுமையாகப் பேசியதில்லை. சுக்கும் திப்பிலியும் தட்டிப் போட்ட கஷாயம் வேளைதோறும் வந்தது. மருந்தைப் புகையாக்கி மூக்கில் செலுத்தும் கருவி ஒன்று ஊர்ப்பொதுவில் வாங்கப்பட்டது. ஒரு நல்ல நாள் பார்த்து, சந்தனம் பூசி மாலை சூட்டிய ஆக்சிஜன் உருளை ஒன்றை மேளதாளத்தோடு கொண்டுவந்து அவளுடைய கட்டிலருகே நிறுத்தினார்கள். அவளுடைய மூச்சுக்காக அந்த ஊர் எதையும் கொடுக்க ஆயத்தமாக இருந்தது; அந்த ஒரு துளையைத் தவிர.

ஒருமுறை மட்டும் உலகம்மாள் மகளைப் பக்கத்து நகரத்து மருத்துவரிடம் அழைத்துப் போனாள். ஈரத்தை விட்டு வெளியே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் தாயும் தங்காது பிள்ளையும் தங்காது என்றார் மருத்துவர். அவர்கள் திரும்பி வருவதற்குள், குளியலறை அடைத்தது அடைத்தபடியே இருந்தும், அவளுடைய மூச்சுக்குப் பழகிவிட்ட சுவர் உலர்ந்துபோயிருந்தது. நாற்று சுருண்டிருந்தது. கண்மாய்ச் சேற்றில் மீன்கள் வாயைப் பிளந்து கிடந்தன. ஊர் எல்லையில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் நின்றிருந்தது. ஆட்டோவைக் கண்டதும் வழிவிட்டு, பின்னாலேயே நடந்து வந்து, கோமதி வாசற்படியேறி உள்ளே போனதை உறுதிசெய்துகொண்டு கலைந்தது. அதன் பிறகு அந்த ஊரில் அவளுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை.

"வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு மதினி" என்றான் ஆட்டோக்கார அந்தோணி. அவன் அதைச் சொன்னபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் உலகம்மாளின் கண்களைப் பார்க்காமல், ஓடும் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் பேருந்து நிற்காமற் போயிற்று. சம்பந்தியம்மாள் தொலைபேசியில் அழைத்தால், வேலை நடந்துகொண்டிருக்கிறது, டைல்ஸ் ஒட்டுகிறார்கள் என்று ஆறுமுகநயினார் சொன்னார்.

"எதுக்கு இப்படிப் பொய் சொல்லுதிய?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"பொறுளா. பிள்ளை பொறந்துட்டா எல்லாம் சரியாயிரும். ஊரைப் பகைச்சுக்கிட்டு எங்க போய் இருப்ப? எத்தனை வீட்டுல உலை கொதிக்கு, நினைச்சுப் பாரு."

"என் வீட்டுல ஒருத்தி மூச்சு நிக்கப்போவுது, அதை நீங்க நினைச்சுப் பாத்தியளா?"

அவர் எழுந்துகொண்டார். கடைக்குப் போய், செப்புக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார். பொழுது சாயும் வரை சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் அல்லர். ஊரில் கெட்டவர் என்று சுட்டிக்காட்டத் தக்கவர் ஒருவரும் இல்லை. அதுவே உலகம்மாளை அச்சுறுத்தியது.

ஒருநாள் உச்சிப்பொழுதில், இசக்கிமுத்துக் கொத்தனார் கடப்பாரையும் உளியும் சிமெண்டுச் சட்டியுமாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குள் போனார். ஏணியில் ஏறி நின்று, கூரையை அண்ணாந்து பார்த்துச் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளம் இட்டார்.

"என்ன கொத்தனாரே, திரும்பவும் ஓட்டையா?"

"ஓட்டை இல்ல மதினி, கொக்கி. தொட்டில் கொக்கி. தலைவியம்மா தேக்குல தொட்டில் செய்யச் சொல்லியிருக்காக, பாத்திருக்கியளா, கிளியெல்லாம் செதுக்கி, அவ்வளவு அழகா இருக்கு."

"தொட்டிலை பாத்ரூம்லயா கட்டுவாக?"

கொத்தனார் ஏணியிலிருந்து இறங்கினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பகல்ல மட்டுந்தானாம் மதினி" என்றார். "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

அவர் வாயிலைக் கடந்ததும் உலகம்மாள் தெருக்கதவைத் தாழிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகினாள். குளியலறைக்குள் போய், கன்னிமூலையில், மூன்று தலைமுறைக்குப் போதுமளவு ஊர் பூசிவைத்திருந்த மஞ்சளின்மீது கடப்பாரையை இறக்கினாள். முதல் இடியில் பூச்சு பெயர்ந்தது. அடுத்ததில் செங்கல் அசைந்தது. கொஞ்சமாகத் திறந்தால் கொஞ்சத்தில் அடைத்துவிடுவார்கள் என்பதை அவள் அறிந்திருந்தாள். ஆகையால் சாளரம் இருந்த இடம் முழுவதையும், அதற்கு மேலும் கீழும், தன் மகளின் தோளகலம் எவ்வளவோ அவ்வளவுக்கும் இடித்தாள். இந்த முறை சீழ்க்கை கேட்கவில்லை. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் ஒரு பெருமூச்சு விட்டதைப் போன்ற ஒலி எழுந்தது. வீட்டிலிருந்த ஈரமனைத்தும் வெண்புகையாகத் திரண்டு அந்தத் திறப்பின் வழியே வெளியேறி, வெயிலில் ஏறி மறைந்தது. அதைத் தொடர்ந்து கரிசற்காட்டின் உலர்ந்த காற்று, புழுதியும் காய்ந்த துவரைமார்க் குச்சிகளின் வாசமுமாக உள்ளே நுழைந்தது.

கோமதி கட்டிலிலிருந்து தானே எழுந்து வந்தாள். திறப்பின் முன் நின்று, கண்ணை மூடி, வயிறு நிமிர மூச்சை இழுத்தாள். அவளுடைய நெஞ்சில் எந்தப் பூனையும் கத்தவில்லை.

அப்போதுதான் இருவரும் அந்த அமைதியைக் கவனித்தார்கள். எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார்கள் வெற்றுக் கிணற்றை உறிஞ்சி, கரகரத்து, ஒவ்வொன்றாக நின்றன. பிறகு செருப்பொலி கேட்டது. ஓடிவரும் ஒலி அன்று. அவசரமில்லாத, நிறையப் பேருடைய செருப்பொலி. தெருக்கதவின் தாழ் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. பொன்னுத்தாய் முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இசக்கிமுத்து, அந்தோணி, வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிய பெண்கள், அவர்களுக்குப் பின்னால், கையில் செப்புக் கம்பி ஒட்டியபடியே, ஆறுமுகநயினார். யாருடைய கையிலும் கம்பில்லை, கத்தியில்லை.

"அம்மாடி" என்றாள் பொன்னுத்தாய், "மூச்சு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை, ரொம்ப நல்லா இருக்கு, கஷாயம் வேண்டாம், அந்த உருளையையும் நீங்களே திரும்ப எடுத்துட்டுப் போயிருங்க, எனக்கு வேறெதுவும் வேண்டாம், இந்த ஒண்ணை மட்டும் அடைக்காம அப்படியே விட்டுருங்க" என்று கோமதி ஓரிடத்திலும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

கூட்டத்திலிருந்த அத்தனை முகங்களும் மலர்ந்தன. சில பெண்கள் ஆனந்தத்தால் அழ முற்பட்டார்கள், கண்ணீர்தான் வரவில்லை. பொன்னுத்தாய் அருகில் வந்து அவளுடைய கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"நல்லா இருக்கணும் தாயி" என்றாள். பிறகு திரும்பாமலே, "இசக்கி, அடைச்சிரு" என்றாள்.

முதலில் சாக்கைத் திணித்தார்கள். உலர்ந்த சாக்கைக் காற்று இலையைப் போல எடுத்து வெளியே வீசியது. கதவுப் பலகையைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். விளிம்புகளில் காற்று விசிலடித்தது. இசக்கிமுத்து சட்டியைத் தரையில் வைத்து, மணலையும் சிமெண்டையும் புரட்டி, நடுவில் கையால் குழி பறித்து, வழக்கம்போல, "தண்ணி" என்று கையை நீட்டினார்.

வாசலிலிருந்து குடங்கள் கைமாறிக் கைமாறி வந்தன. கவிழ்த்தார், ஒன்றும் விழவில்லை. அண்டா வந்தது, அதன் அடியில் உப்புப் பூத்திருந்தது. தொட்டிக்கு ஓடியவன் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான். இசக்கிமுத்து குழியில் காறி உமிழப் பார்த்தார். உமிழ்வதற்கு அவருடைய வாயில் ஈரமில்லை. சட்டியிலிருந்த சாம்பல்நிறப் பொடியின் நடுவே அந்தக் குழி காத்திருந்தது. நாவால் உதட்டைத் தடவிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், முதலில் பொன்னுத்தாயும், பிறகு கொத்தனாரும், பிறகு வாசல்வரை நின்ற ஒவ்வொருவரும், கடைசியாக, தலை குனிந்திருந்த ஆறுமுகநயினாரும் மெல்லக் கண்ணை உயர்த்தி, கோமதியின் வயிற்றைப் பார்த்தார்கள்.

உலகம்மாள் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக் கடப்பாரையை இரண்டு கைகளாலும் பற்றினாள்.

உள்ளே குழந்தை ஒருமுறை புரண்டது. அந்த ஊரில் மிஞ்சியிருந்த தண்ணீர் அசைகிற அந்தச் சிறிய ஒலி, அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது.